செவி வழியே பிரெஞ்சு

1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் எம்மவர் பலர் பிரான்சு தேசத்திற் குடியேறினர். பாரிஸ் மாநகரின் லா ஷப்பல் வட்டாரத்திலே தமிழ்க் கடைகள் நிரைநிரையாக விளங்குதலைச் சென்று மீண்டோர் கூறுவர். எமக்கும் அங்கே ஒரு பேர்த்தி உளள். அவளோடு பேசும்பொருட்டு, ஒலிப்பதிவுப் பாடங்களைக் கொண்டு முதுமையிலே பிரெஞ்சு மொழி பயிலத் தொடங்கினோம். அம்முயற்சியில் இறங்கும் அன்பர்க்கும் மாணவர்க்கும் எமது கருத்தைக் கூற விழைகின்றோம்.

முதலில் நாம் செய்தது பிழை. பதிவிற் கேட்ட சொற்களையெல்லாம் தமிழெழுத்தில் ஒரு கொப்பியில் எழுதி மனனஞ் செய்தோம். ஆங்கிலத்தையும் அவ்வாறே பயின்ற தலைமுறையினர் அல்லமோ! இரு வாரத்தில் வினை வந்தது. ‘மேலே’, ‘கீழே’ என்பவற்றுக்குரிய பிரெஞ்சுச் சொற்கள் இரண்டும் எமது கொப்பியில் ‘தெசு’ என்றே இருந்தன. அவற்றை வேறுபடுத்துவது இறுதி உயிர் ஒன்றே. ‘கீழே’ என்பதன் ஈற்றில் நிற்பது எமது உகரம். மற்றையது, உகரத்துக்குப் போல இதழைக் குவித்துக்கொண்டு இகரத்தை ஒலித்தாற் பிறப்பது. அதற்குத் தமிழில் எழுத்தில்லை. எழுத்தில்லாத ஒலியைச் செவியன்றி வேறெது கற்பிக்கும்? கொப்பியை மூடினோம்.

பிரெஞ்சு ஏட்டை நோக்கிப் பயில்வோர்க்கும் இடர் உண்டு. நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவர்கள் பேசுகிறார்கள் என்னும் மூன்றிலும் வினை ஏட்டில் மூன்று வடிவம். வாயில் ‘பார்ல்’ என ஒன்றே. ஈற்று மெய்கள் பல ஒலியாதொழியும். உயிர் முதலாகிய சொல் தொடருங்கால் அவற்றுட் சில மீண்டும் ஒலிக்கும். புணர்ச்சியிலக்கணம் படித்த தமிழ் மாணவனுக்கு இது பெருவியப்பன்று. தகரத்தை நாவாற் பல்லைப் பொருத்தி மூச்சு மிகாது ஒலிப்பதிலும் பிரெஞ்சுக்காரர் எம்மையே ஒப்பர்.

ஒலிப்பதிவுப் பாடத்தின் உயிர்நிலை அதிலுள்ள மௌனமாகும். வினாவை எழுப்பியபின் பதிவு சில கணம் வாளாவிருக்கும். அவ்விடையில் நாம் வாய்விட்டு விடை கூறல் வேண்டும். அமெரிக்கரான போல் பிம்ஸ்லர் 1967இல் வெளியிட்ட கட்டுரையில், புதுச்சொல்லை 5 வினாடி, 25 வினாடி, 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி என இடைவெளியை வளர்த்துக்கொண்டே நினைவுகூருமாறு அட்டவணை வகுத்தார். சமைத்துக்கொண்டும் பஸ்ஸில் உறங்கிக்கொண்டும் கேட்போர் வானொலி கேட்டவராவரேயன்றிப் பாடங் கேட்டவராகார். நாம் தனியறையில் உரக்க விடையிறுப்பதைக் கேட்டு அயலார் எமது புத்தியை ஐயுற்றதுமுண்டு. அதற்கு நாணினால் மொழி வாராது.

பேச வரும், எழுத வாராதே என்பர் சிலர். மெய்தான். 2024 ஜனவரியில் இயற்றப்பட்ட சட்டத்தை அடுத்து, 2026 ஜனவரி முதல் பிரெஞ்சுக் குடியுரிமை கோருவோர், ஐரோப்பிய மொழித்தரம் ஆறனுள் நான்காவதாகிய பி-2 தரத்தைப் பேச்சிலும் எழுத்திலும் காட்டுதல் வேண்டும். தொடக்கப் பதிவு அத்துணைத் தூரம் கொண்டு செல்லாது. நூலும் வேண்டும், ஆசிரியரும் வேண்டும். நாம் வற்புறுத்துவது முறைவைப்பையே. முதல் மூன்று மாதம் செவிக்கும் நாவுக்கும் உரியன; ஏடு பின்னர் வரலாம்.

சென்ற மாதம் பேர்த்தி தொலைபேசியிலே, தன் பூனை கட்டிலின் கீழே ஒளித்திருப்பதாகப் பிரெஞ்சிற் கூறினாள். மேலே என்று நாம் கொள்ளவில்லை.