காயலான் கடைக் காசும் ஒரு கப்பலும்

2012-ல் வெளிவந்த எஃப்டிஎல் என்ற விண்வெளி விளையாட்டில் பணம் என்றால் 'ஸ்கிராப்', அதாவது காயலான் கடைச் சரக்கு. எரிபொருள், ஏவுகணை, பழுதுபார்ப்பு, மேம்பாடு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பைதான்.

புதிதாக ஆடுபவர்களில் சிலர் கடையில் நல்ல ஆயுதம் கிடைக்கும் என்று சேர்த்துக்கொண்டே போகிறார்கள். கடை வருமுன் எதிரி வந்துவிடுகிறான்! வேறு சிலர் கேடயத்தை உயர்த்திவிட்டு மின்சாரத்துக்குக் காசில்லாமல் முழிக்கிறார்கள். ஒவ்வொரு கேடய அடுக்குக்கும் இரண்டு அலகு மின்சாரம் வேண்டும். இல்லையேல் வேறு கருவியை அணைக்க வேண்டும். இயந்திரம் வாங்கிவிட்டு கரண்ட் பில் கட்ட முடியாத தொழிற்சாலை மாதிரி.

வணிகவியலில் நிலை மூலதனம், நடைமுறை மூலதனம் என்று படிப்பது இதைத்தான். முதலில் இரண்டாவது கேடயமும் அதற்கான மின்சாரமும், பிறகு கடைக்கென்று கொஞ்சம் கையிருப்பு. எட்டாவது பகுதியில் கிளர்ச்சியாளர்களின் தலைமைக் கப்பலிடம் தோற்றவருக்கு மிச்சப் பணம் எதற்கு?