விளக்கு எரிவது யாரால்?

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு விவசாயி தோட்டத்து மோட்டாரைப் போடுகிறார். தண்ணீர் பாய்கிறது. அந்த மின்சாரத்தில் நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளியின் வியர்வையும் கலந்திருக்கிறது.

நெய்வேலியில் 1957-ல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. அதை எரித்தே அங்கு மின்சாரம் எடுக்கிறார்கள். பூமிக்கடியில் ஊறும் நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் கரி வெட்ட முடியும்.

சுரங்கத்துக்காகச் சுற்றுக் கிராமத்தார் வீட்டையும் வயலையும் கொடுத்தார்கள். தொழிலாளிகளில் பலர் அந்த ஊர்க்காரர்களே. வேலை முடிந்து வந்து ஊருக்காகவும் பேசுகிறார்கள். அது தானம் கேட்பது அல்ல. நிலம் கொடுத்த வீட்டுக்கு நிரந்தர வேலை வேண்டும். இறைத்த நீரில் ஊர் ஏரிக்குப் பங்கு வேண்டும். இது நியாயம்.

கிணறு வற்றினால் குடும்பம் என்ன ஆகும்? கொங்கு நாட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெய்வேலிக்காக அவர்களும் குரல் கொடுக்க வேண்டும்!