ஒரு வாக்குறுதி, ஒரே குறியீடு?

பெர்லினை மையமாகக் கொண்ட தேர்தல் அறிக்கை ஆய்வுத் திட்டம், அறிக்கையின் ஒவ்வொரு கருத்தலகிற்கும் 56 வகைமைகளுள் ஒன்றை மட்டுமே வழங்குகிறது. நாடுகளை ஒப்பிட இவ்வரையறை இன்றியமையாதது. ஆயினும், 2009இல் தொடங்கப்பெற்ற தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்பை நிறைவேற்றுவோம் என்னும் வாக்குறுதியை எங்ஙனம் வகைப்படுத்துவது? கால்வாய் வெட்டுதல் என்று கொண்டால் உட்கட்டமைப்பு (411). சாத்தான்குளம், திசையன்விளை உழவர்க்குரிய பாசனம் என்று கொண்டால் வேளாண்மை (703). எதைத் தெரிந்தாலும் ஆற்றுநீர் என்னும் பொருள் தரவில் புலப்படுவதில்லை.

இதற்காக ஒற்றைக் குறியீட்டைக் கைவிட வேண்டுவதில்லை. அதனை முதன்மையாகக் கொண்டு, ஆற்றுநீர் என்னும் துணைக்குறியீட்டையும் ஆற்றின் பெயரையும் உடன் பதிதல் வேண்டும். அதற்குரிய விதிகளைத் தமிழில் வகுத்து, இருவர் தனித்தனியே குறியிட்டு, அவர்தம் உடன்பாட்டு அளவையும் வெளியிடுதல் வேண்டும். அப்போதுதான் உலக ஒப்பீடும் நிலைக்கும். தாமிரபரணி குறித்த அரசியலும் ஆய்வுக்கு அகப்படும்.