மருந்து இடிக்கும் சட்டம்

பயிரை அழிக்கிற விலங்கைச் சுட எந்தத் துப்பாக்கி சரி? இந்தக் கேள்வியை மொன்டானாவிலோ டெக்சாஸிலோ இருக்கிற ஒரு பண்ணைக்காரரிடம் கேட்டால் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசுவார். அங்கே அதற்கென்றே ஒரு வகை இருக்கிறது. ‘வார்மின்ட் ரைஃபிள்’ என்று பெயர். மேய்ச்சல் நிலத்தைக் குடைந்து போடும் பிரெய்ரி நாயையும் கன்றுக்குட்டியைத் தூக்கும் கயோட்டியையும் 300 கெஜத்துக்கு அப்பாலிருந்து ஒரே குண்டில் முடிப்பதற்காகச் செய்யப்படுவது. கனமான குழல், சின்னக் குண்டு, அசுர வேகம். பாயின்ட் 22-250 தோட்டாவில் மூன்றரை கிராம் குண்டு விநாடிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் கிளம்பும்.

இதே கேள்வியை உளுந்தூர்பேட்டைப் பக்கம் மக்காச்சோளம் போட்டிருக்கிற என் சித்தப்பாவிடம் கேட்டேன். “ஏன்டா, என்னை உள்ள தள்ளப் பாக்கறியா?” என்றார். அவ்வளவுதான் பதில்.

என் புகாரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியச் சட்டம் விவசாயிக்குத் துப்பாக்கி கொடுக்கவில்லை என்று நான் அழவில்லை. கொடுத்தது. இருப்பதிலேயே மட்டமானதைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தது. அதற்கான விலையை யானையும் பன்றியும் கல்வராயன்மலைக்காரனும் இன்றுவரை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாமோ இணையத்தில் இரண்டு கட்சி கட்டி அடித்துக்கொள்கிறோம்.

*

நான் துப்பாக்கி வைத்திருப்பவன் இல்லை, சுட்டதும் இல்லை. மெக்கானிக்கல் படித்துவிட்டு கோட் எழுதப் போன பெருங்கூட்டத்தில் ஒருவன். லேத் மேல் இருந்த பழைய காதல் மட்டும் போகவில்லை. அதனால்தான் துப்பாக்கிக்கு ‘ஆக்‌ஷன்’ தேர்ந்தெடுப்பது பற்றி மனிதர்கள் எழுதிக் குவித்திருப்பதை வருடக்கணக்கில் படித்து வருகிறேன்.

ஆக்‌ஷன் என்பது குழலின் பின்பக்கம் இருக்கிற இரும்புக் கூடும் அதற்குள் ஓடும் போல்ட்டும். நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி முன்னே தள்ளி, கைப்பிடியைக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். கார் டயரில் 32 பவுண்டு காற்று அடிக்கிறோம். வார்மின்ட் தோட்டா வெடிக்கும்போது சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டுக்கு மேல் அழுத்தம். சுடுபவனின் கன்னத்துக்குச் சில அங்குலம் தள்ளி நடக்கிற அந்த வெடிப்பைத் தாங்கிப் பிடிப்பது போல்ட்டின் முனையில் இருக்கும் இரண்டோ மூன்றோ இரும்புக் காதுகள்தான்.

1898-ல் மவுசர் கம்பெனி செய்த வடிவமைப்பின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைய போல்ட் ஆக்‌ஷன்களில் பெரும்பாலானவை. 1962-ல் ரெமிங்டன் 700 வந்தது. உருளைக் கம்பியைக் கடைந்து செய்கிற கூடு என்பதால் செலவு குறைவு, துல்லியமும் வந்தது. இன்று கஸ்டம் ஆக்‌ஷன் செய்யும் பட்டறைகளில் பெரும்பாலானவை அந்த 700-ன் அளவுகளையே பின்பற்றுகின்றன. அப்படிச் செய்தால்தான் சந்தையில் கிடைக்கிற எந்தக் கட்டையும் எந்த விசையும் அப்படியே வந்து பொருந்தும். சாஃப்ட்வேர்க்காரர்களுக்குப் புரியும்: இன்டர்ஃபேஸை மாற்றாதே, உள்ளே இருப்பதை நன்றாகச் செய்.

தேர்வுகள் நீண்டுகொண்டே போகும். இரண்டு காது என்றால் கைப்பிடியை 90 டிகிரி தூக்க வேண்டும், மூன்று காது என்றால் 60 போதும், ஆனால் தூக்கக் கொஞ்சம் கனக்கும். அடியில் தோட்டாப் பெட்டிக்காக ஓட்டை போட்ட கூடா, ஓட்டையே இல்லாத ஒற்றைத் தோட்டாக் கூடா? இரண்டாவது விறைப்பாக நிற்கும். இரும்பைப் பதப்படுத்திய பிறகு கடைந்ததா, முன்னாலா? பதப்படுத்தும்போது இரும்பு நெளியும், அதனால் பின்னால் கடைந்ததுதான் நேராக இருக்கும். ஆக்‌ஷனுக்கு மட்டுமே ஆயிரம் டாலருக்கு மேல் கொடுப்பது அங்கே சகஜம்.

இத்தனையும் எதற்கு? 100 கெஜத்தில் சுட்ட ஐந்து குண்டும் அரை அங்குலத்துக்குள் விழ வேண்டும் என்பதற்கு. “ஒரு அணிலைச் சுட இவ்வளவு பணமா? பைத்தியக்காரத்தனம்” என்று சிரிக்கலாம். பாதிக்கு மேல் பொழுதுபோக்கும் பொருள் மோகமும்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மோகத்துக்கு அடியில் ஒரு கொள்கை இருக்கிறது: கொல்லத்தான் போகிறாய் என்றால், எங்கே படும் என்று தெரிந்து சுடு. படும் என்ற நிச்சயம் இல்லையென்றால் சுடாதே.

*

இப்போது நம்ம ஊர்ச் சட்டத்துக்கு வருவோம். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13-ம் பிரிவு, 3-ம் உட்பிரிவு. பயிர்ப் பாதுகாப்பு என்ற சொல் அங்கேதான் வருகிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு ஒரு குடிமகன் கேட்டால் எதற்கு உரிமம் கொடுக்க வேண்டும் என்று சட்டமே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது: குழல் வாய் வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு. போலீஸ் பாஷையில் எஸ்.பி.எம்.எல். அது போதாது என்று அதிகாரி திருப்தி அடைந்தால் வேறொரு துப்பாக்கி தரலாம், ஆனால் அதுவும் உள்ளே வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பான குழலாகத்தான் இருக்க வேண்டும். வரிக்குழல் ரைஃபிள் வேண்டுமென்றால் தக்க காரணம் காட்டி அதிகாரியின் மனம் இரங்கக் காத்திருக்க வேண்டும்.

ஒரு இன்ஜினியராக இதைப் படியுங்கள். இது ஒரு ஸ்பெக். ஸ்புட்னிக் பறந்து இரண்டு வருடம் கழித்து, நாடாளுமன்றம் விவசாயிக்காக எழுதிய ஸ்பெக். மவுசர் வந்து 60 வருடம் ஆகியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உலகப் படைகள் தூக்கிப் போட்ட தொழில்நுட்பத்தை ‘உனக்கு இது’ என்று கொல்லைக்காரன் கையில் கொடுத்தார்கள்.

வழவழப்பான குழலில் குண்டு சுழலாது. சுழலாத குண்டு நேராகப் போகாது. கொஞ்ச தூரத்துக்குமேல் அது அதிர்ஷ்டம். மலைப்பக்கம் உரிமம் இல்லாமல் புழங்கும் நாட்டுத்துப்பாக்கிகளில் கரிமருந்தும் பால்ரஸ் குண்டும் போட்டு இடிக்கிறார்கள். ஒரு முறை வெடித்தால் மறுபடி கெட்டிக்க நேரமாகும். தோளில் தடித்த தோல் போர்த்திய பன்றி அதற்குள் வயிற்றில் காயத்தோடு கரும்புக்குள் ஓடிவிடும். இரண்டு நாள் கழித்து நாற்றம் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அல்லது அடிபட்ட பன்றி மறுநாள் விடிகாலையில் களை பறிக்க வரும் பெண்ணின் மேல் பாயும்.

ஏன் இப்படி? விலங்குகள்மேல் கருணையா? இல்லை. சட்டத்தின் வேர் 1878-ல் இருக்கிறது. லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது வந்த ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு உரிமம் கட்டாயம் என்றது, ஐரோப்பியருக்கு விலக்குக் கொடுத்தது. இஷாப்பூர் தொழிற்சாலையின் பாயின்ட் 315 ரைஃபிளும் அதே பயத்தின் பிள்ளை. ராணுவத்தின் 303 தோட்டா பொதுஜனத்தின் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்பதற்காகவே வேறு அளவு. வெள்ளைக்காரன் போனான், பயம் போகவில்லை. எதிரே நிற்கிற போலீஸ்காரனுக்கு ஆபத்து வராத துப்பாக்கி எது என்று பார்த்து எழுதப்பட்ட ஸ்பெக்கில் பன்றி எங்குமே இல்லை.

*

கல்வராயன்மலை செய்தியில் அடிபடுவது இரண்டு விஷயத்துக்கு: சாராய ஊறல், நாட்டுத்துப்பாக்கி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது எல்லாக் கேமராவும் மலையைப் பார்த்துத் திரும்பியது. அந்த மலையில் 1976 வரை ஜாகீர்தார் ஆட்சி இருந்தது என்பதே அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடிகளின் (கேரளத்துக்காரர்கள் அல்ல) மரவள்ளிக் கொல்லையில் பன்றி இறங்கினால் அது செய்தி இல்லை. அவர் வீட்டுப் பரணில் ஒரு குழல் கிடைத்தால் செய்தி. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம்.

கீழே சமவெளியில் உரிமம் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். தாலுக்கா ஆபீசுக்கும் ஸ்டேஷனுக்கும் நடக்கத் தெரிந்தவர்களிடம். அதாவது நிலமும் சாதியும் உள்ளவர்களிடம். அதிலும் பாதி சுவரில் தொங்குகிற கௌரவம். தேர்தல் வந்தால் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். சோளக்கதிர் பால் பிடிக்கிற மாசம் தேர்தல் கமிஷனுக்குத் தெரியாது.

சரி, துப்பாக்கி இல்லை. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? மோட்டார் கொட்டகையிலிருந்து கம்பி இழுக்கிறார்கள். அவுட்டுக்காய் வைக்கிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கத்தில் கள்ள மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயைச் சுற்றிச் சுற்றி வந்த வீடியோவை நீங்களும் பகிர்ந்திருப்பீர்கள். 2020 மே மாதம் பாலக்காட்டில் வெடி கடித்த கர்ப்பிணி யானை வெள்ளியாற்றில் நின்றபடியே செத்தது. நாடே அழுதது. கம்பிக்கும் வெடிக்கும் கண் கிடையாது. பன்றியா, யானையா, இரவில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்துக் கொல்லைக்காரனா என்று அவை பார்ப்பதில்லை. துல்லியமான கருவியை மறுக்கிற ஒவ்வொரு கொள்கையும் கண்ணில்லாத கருவிக்குச் செய்கிற சிபாரிசு.

*

முதல் கட்சி: “எந்த விலங்கையும் சுடக் கூடாது, நாம்தான் காட்டை ஆக்கிரமித்தோம்.” பத்தாவது மாடிப் பால்கனியில் உட்கார்ந்து இதைச் சொல்லும் தம்பி, உளுந்தூர்பேட்டையில் இன்று நீ சுங்கச்சாவடி தாண்டுகிற ரோடும் ஒரு காலத்தில் யாருடைய வழித்தடமோதான். ஆக்கிரமிப்புக் கணக்கை இரண்டு ஏக்கர்க்காரன் தலையில் மட்டும் எழுதாதே. சட்டமே இதைச் சொல்லவில்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் 11-ம் பிரிவு, நிற்கும் பயிருக்கு ஆபத்தான விலங்கைச் சுட அனுமதி கொடுக்க வழி வைத்திருக்கிறது. காட்டுப்பன்றி இப்போது இரண்டாம் அட்டவணையில்தான் இருக்கிறது. கேரளம் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் ஒரு கணக்குச் சொன்னது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர்வரை சுடக் கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3-க்கு அப்பால் வனத்துறை சுடலாம். தொடக்கம் என்ற அளவில் நல்லது. ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு இறங்கும் பன்றிக்காக வனத்துறை ஜீப்புக்கு யார் காத்திருப்பது?

இரண்டாம் கட்சி: அமெரிக்க ரேஞ்ச் வீடியோக்களைப் பார்த்துவிட்டு “ஆளுக்கு ஒரு துப்பாக்கி” என்று கனவு காண்பவர்கள். இவர்களோடு எனக்கு இன்னும் பெரிய சண்டை. சாதிப் பகை புகைகிற வட மாவட்டங்களில் ஆளுக்கு ஒரு ரைஃபிள் என்றால் முதலில் விழுவது பன்றியாக இருக்காது. கஸ்டம் ஆக்‌ஷனும் நமக்குத் தேவையில்லை. நம்ம பன்றி 300 கெஜத்தில் நிற்பதில்லை, வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. இஷாப்பூர் 315-ன் போல்ட் லீ-என்ஃபீல்டு வம்சம், காதுகள் பின்பக்கம். துல்லியப் போட்டிக்கு ஆகாது. ஆனால் 100 மீட்டருக்குள் பன்றியின் தோளுக்கு அது தாராளம். அந்த ஊர்க்காரர்களிடம் நாம் கற்க வேண்டியது ஒன்றுதான்: அவர்கள் துப்பாக்கியைக் காகிதத்தில் சுட்டு, அளந்து, நம்பர் எழுதி வைக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது இது. பயிர்ப் பாதுகாப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்திலிருந்து மருந்து இடிக்கும் துப்பாக்கியை அடித்துவிடுங்கள். வரிக்குழல் ரைஃபிள் தனி ஆளின் வீட்டில் வேண்டாம். வனச்சரக அலுவலகத்தில் பூட்டி வையுங்கள், எடுக்கும்போது எழுதி எடுக்கட்டும். அந்தந்த ஊரிலிருந்தே ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்துச் சம்பளம் கொடுங்கள். மலையில் மலையாளி இளைஞர்களை எடுங்கள். இரவில் பன்றித் தடம் பார்க்க அவர்களைவிடத் தெரிந்தவன் எவன்? வருடத்துக்கு ஒரு முறை 100 மீட்டரில் ஐந்து குண்டு, ஒரு தேங்காய் அளவுக்குள் விழவில்லையென்றால் அந்த வருடம் துப்பாக்கி கிடையாது. சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு. தேர்தல் மாசத்திலும் இந்த ஏற்பாடு ஓடும், ஏனென்றால் துப்பாக்கி ஏற்கெனவே அரசாங்கத்தின் பூட்டுக்குள்தான் இருக்கிறது.

இதற்கு ஆகும் செலவு ஒரு யானைச் சாவுக்குப் பிறகு நடக்கிற விசாரணை, போஸ்ட்மார்ட்டம், கூட்டம், அறிக்கை எல்லாவற்றையும்விடக் கம்மிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வேண்டாம் என்பவர்கள் வேண்டாம் என்றே சொல்லட்டும். ஆனால் இந்த ராத்திரி எந்தக் கொல்லையில் எத்தனை வோல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.