பத்தாவதைப் பிறகு பார்க்கலாம்

சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு அக்காவின் மகள் திருகோணமலை உவர்மலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து போனை நீட்டினாள்.

"மாமா, இதில எதை முதல்ல விளையாடுறது?"

பழைய ஜப்பானிய ஆர்பிஜி கேம்களின் பட்டியல் அது. எங்கள் குடும்பத்தில் ஜப்பான் என்றால் ஆளுக்கு ஒன்று. அம்மம்மாவுக்கு 1942 ஏப்ரல் 9இல் துறைமுகத்தில் விழுந்த குண்டு. அப்பாவுக்கு டோக்கியோ சிமெந்து மூட்டை. எனக்கு ஒரு கள்ளப் பிரதி சீடி.

"ஒன்றில இருந்துதானே தொடங்கோணும்?" என்று அவளே பதிலும் சொன்னாள். பைனல் பேண்டஸி என்ற பெயருக்குப் பின்னால் இலக்கம் பதினாறு வரை போகிறது. யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

இல்லை, பிள்ளை. இது தரம் ஆறு, தரம் ஏழு மாதிரி இல்லை. ஒவ்வொன்றும் தனிக் கதை, வேறு உலகம், வேறு ஆட்கள். முன்னோடி என்ற மரியாதைக்காக 1986இல் வந்த டிராகன் குவெஸ்டில் இறங்குவதையும் நான் தடுப்பேன். அதன் ஜப்பானியப் பதிப்பில் விட்ட இடத்தைச் சேமிக்க வசதி இல்லை. இருபது எழுத்து மந்திரம் ஒன்றைத் தாளில் எழுதி வைத்து, அடுத்த நாள் பிழையில்லாமல் அடிக்க வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினால் போச்சு. அதற்குக் கும்பிடு போடலாம், விடுமுறையைக் கொடுக்க முடியாது.

முடிக்கக்கூடியதைத் தொடங்கு என்பதுதான் என் கட்சி. 2002 யுத்தநிறுத்தத்துக்குப் பிறகு நகரில் மணித்தியாலக் கணக்கில் காசு வாங்கும் கேம் கடைகள் வந்தன. பாடசாலை விட்டு நான் போய்க் குந்தியிருந்த கடையில் ஒரு பிளேஸ்டேஷன், ஒரு மெமரி கார்ட். கார்டில் பதினைந்து கட்டங்கள்தான். கடைக்கு வரும் பெடியன்களோ அதைப்போல இரண்டு மடங்கு. பைனல் பேண்டஸி 7, ஒரு மின் உலைக்குக் குண்டு வைப்பதில் தொடங்குகிறது. பத்து நிமிடத்துக்குள் ஓடித் தப்ப வேண்டும். வெடிக்கிற இடம் வந்ததும் கடைக்காரர் சத்தத்தைக் குறைத்துவிடுவார். தெருமுனையில் காவலரண் இருந்த காலம். அடுத்த கிழமை போனால் என் கட்டத்தில் எவனோ தன் கார் ரேஸைச் சேமித்திருப்பான். அந்த உலையை நான் ஆறு தடவை தகர்த்தேன். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்தது, வேலைக்குப் போய்ச் சொந்தமாக ஒன்று வாங்கிய பிறகுதான்.

பட்டியலில் எங்கள் கரைக்கு ஆகக் கிட்டியது பத்தாவது பைனல் பேண்டஸி, 2001இல் வந்தது. தீவுகள், கப்பல்கள், கடலோரக் கிராமங்கள். 'சின்' என்ற பூதம் கடலிலிருந்து எழும்பி ஊர்களை வாரிக்கொண்டு போகும். கிலிகா என்று ஒரு துறைமுகக் கிராமம், தண்ணீருக்கு மேல் மரத்தூண் நட்டுக் கட்டியது. ஒரே அடியில் அழிந்துபோகிறது. நாங்கள் கப்பலில் போய் இறங்கும்போது உடல்களைத் துணியில் சுற்றித் தண்ணீரில் கிடத்தியிருக்கிறார்கள். யூனா என்ற இளம்பெண் அந்தத் தண்ணீரின் மேல் நடந்து போய், ஆடி, இறந்தவர்களை வழியனுப்புகிறாள். பந்தங்களின் நெருப்பு நீலமாக மாறுகிறது.

நான் அதைக் கண்டது 2006இல். 2004 டிசம்பர் 26இல் கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கம் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. சொந்தத்தில் போனவர்களுக்குக் கன்னியா வெந்நீரூற்றடியில் கிரியை செய்தபோது பக்கத்தில் நின்றவன் நான். கன்ட்ரோலரை வைத்துவிட்டுக் கடையை விட்டு வெளியே வந்தேன். கட்டிய காசில் இன்னும் அரை மணித்தியாலம் மிச்சம் இருந்தது. ஐந்து வருடம் அந்த கேமைத் தொடவில்லை.

இன்றைக்கும் என் கணக்கில் அதுதான் முதலிடம். ஆனாலும் முதல் கேமாக அவளுக்குக் கொடுக்க மாட்டேன். அவள் பிறந்தது சுனாமி அலைக்குப் பிறகு, அவளுக்கு அது கதை. அக்கா அதே ஹோலில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள்.

ஆகவே க்ரோனோ ட்ரிகர். 1995இல், டிராகன் குவெஸ்டின் யூஜி ஹொரியும் பைனல் பேண்டஸியின் ஹிரோனொபு சகாகுச்சியும் டிராகன் போல் வரைந்த அகிரா தொரியாமாவும் ஒன்றாகச் சேர்ந்து செய்தது. இருபது, இருபத்தைந்து மணித்தியாலத்தில் முடித்துவிடலாம். போனில் ஓடும், தானாகவே சேமித்துக்கொள்ளும், எவனும் வந்து அழிக்க மாட்டான். வசனங்கள் சின்னச் சின்ன ஆங்கிலம், ஓ.எல் படித்தது தாராளமாகப் போதும்.

ஒரு பெடியனை அம்மா எழுப்பித் திருவிழாவுக்கு அனுப்புகிறாள். அங்கே ஒரு மேசையில் யாருடையதோ சாப்பாட்டுப் பார்சல். தின்றால் உடம்பு தேறும், யாரும் ஏனென்று கேட்பதில்லை. பிறகு ஒரு நாள் அவனை நீதிமன்றத்தில் ஏற்றுகிறார்கள், பார்சலுக்குச் சொந்தக்காரர் சாட்சி சொல்ல வந்து நிற்கிறார். மோதி விழுந்த பெண்ணை முதலில் பார்த்தானா, அவள் கழுத்திலிருந்து விழுந்த பதக்கத்தை முதலில் பொறுக்கினானா என்பதுவரை விசாரணையில் கிளறுவார்கள். ஏழு ஜூரிகள். குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்தாலும் அவனைச் சிறைக்குத்தான் கொண்டுபோவார்கள். இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர் சிரிப்பார்கள்.

நேற்றுப் பின்னேரம் அவள் திருவிழாவில் நின்றாள். பார்சலைத் தின்றுவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.