பொயின்ட் எங்களுடையது, விலை அவர்களுடையதா?

லண்டனிலிருந்து வவுனியாவுக்கு வரும் எங்கள் பிள்ளைகள், கொழும்பில் ஓர் இரவு தங்க வருடக்கணக்கில் ஹோட்டல் பொயின்ட் சேர்க்கிறார்கள். இந்த ஹோட்டலுக்கு இத்தனை பொயின்ட் என்று முன்பு பட்டியல் இருந்தது. ஹில்டன் 2017இலும் மரியட் 2022 மார்ச்சிலும் அதைத் தூக்கிவிட்டன. இப்போது நாளுக்கொரு விலை!

"விதியில் எழுதியிருக்குத்தானே" என்கிறார்கள் சிலர். இருக்கு. எழுதியது யார்?

நெல்லு மூட்டைக்கு இரண்டு கிலோ கூடக் கழிக்கும் யாவாரியோடு சண்டை பிடிக்கிற நாங்கள், இதற்கு மட்டும் ஏன் வாய் மூடுகிறோம்? அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்தே ஒரு சூரா இருக்கிறதே, அல்முதஃப்பிஃபீன். அதுவும் மரியட்டில் 24 மாதம் கணக்கில் அசைவில்லையென்றால் பொயின்டே இல்லாமல் போகும்.

எங்கள் சுப்பர் மார்க்கெட் கார்டும் இதே குடும்பம்தான். சேர்த்து வைக்காதீர்கள், அடுத்த பில்லிலேயே கழிக்கச் சொல்லுங்கள்.