ஏரியே விமான நிலையம்

புதுக்கோட்டைச் சீமைக் கண்மாய்களைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் தண்ணீர், கோடையில் ஒற்றையடிப் பாதை. நடுவே ஒரு சேற்றுக்காலம் உண்டே, அப்போது நீந்தவும் முடியாது, நடக்கவும் முடியாது!

கனடாவின் வடகோடி விமானிகளுக்கும் இதே பாடுதான். சாலையில்லாத ஊர்களில் ஏரியில்தான் இறங்கவேண்டும். கோடையில் விமானத்துக்கு மிதவை மாட்டுவார்கள். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் சறுக்குக் கட்டை. 1930-களில் இரவில் எஞ்சின் எண்ணெயை வடித்துவைத்து, காலையில் அடுப்பில் சுடவைத்து ஊற்றுவார்கள். எஞ்சினுக்கும் காலைக் காப்பி!

ஆனால் ஏரி உறையும்போதும் உருகும்போதும் சில வாரங்கள் இரண்டுமே உதவாது. அப்போது தபால் வராது. பிரசவ வலி கண்டவளுக்கு டாக்டரும் வரமாட்டார். மாவையும் மருந்தையும் முன்கூட்டியே இறக்கிவிடுவார்கள். பிரசவத்தை என்ன செய்வது?

பின்னாளில் ஓடுபாதை போட்ட ஊர்களுக்கு அந்தக் கவலை தீர்ந்தது. ஏரியை நம்பிய இடங்களில் இன்றும் பனி உடையக் காத்திருக்கிறார்கள்.